பூனைக்கு ஏது புரட்டாசி

1

இன்று புரட்டாசி முதல் சனிக்கிழமை. காலையில் தலைக்குக் குளித்து, பெருமாள் கோவிலுக்குப் போய்த் துளசி வாங்கிக்கொண்டு வந்து, வீட்டின் பின்புறம் தனி அடுப்பு வைத்து மீன் வேகவைத்தேன். இங்கே மலேசியாவில் அதைக் கெம்போங் என்பார்கள். நம் பக்கத்துக் கானாங்கெளுத்திக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த செல்வி மூக்கைச் சுளித்தாள்.

"என்னக்கா, புரட்டாசியும் அதுவுமா மீன் வாடை வருது?"

"எனக்கில்லம்மா. கோப்பிக்கு."

"அவருக்கா? அவரு சாப்பிடட்டும் லா," என்று இந்த ஊர் 'லா' போட்டுச் சிரித்துவிட்டு அடுத்த துணியை உதறினாள்.

கோப்பி எங்கள் வீட்டுப் பூனை. போன வருஷம் இதே மாதத்தில் என் வீட்டில் நடந்தது செல்விக்கு முழுக்கத் தெரியும். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இருந்து இதைப் படிக்கிற உங்களுக்குத் தெரியாது. என் கூடப் பிறந்தவர்களுக்கே நான் சொல்லவில்லை. பூனை விஷயத்தை என்ன போய்ப் போனில் சொல்வது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெட்கமாக இருந்தது, அதுதான் காரணம்.

2

தேவகோட்டையிலிருந்து கல்யாணமாகி ஈப்போவுக்கு நான் வந்து இருபத்தைந்து வருஷம் ஆகப்போகிறது. என் கணவர் இங்கேயே பிறந்தவர். ஈப்போவிலேயே புந்தோங் என்கிற பகுதியில் ஆணி, பெயின்ட், தண்ணீர்க் குழாய் விற்கிற ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். வந்த புதிதில் என் தமிழைக் கேட்டுத் தெருவே வேடிக்கை பார்த்தது. யாராவது "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டால், என்ன பசி, ஏன் ஆற வேண்டும் என்று முழிப்பேன். காலைச் சாப்பாடு ஆயிற்றா என்பதைத்தான் இங்கே அப்படி அழகாகக் கேட்கிறார்கள். நான் காபி என்றால் கடைக்காரர் "கோப்பியா?" என்று திருத்திவிட்டுத்தான் கொடுப்பார். பல வருஷம் கழித்து என் மகள் ஒரு பழுப்பு நிறக் குட்டியைப் பள்ளிக்கூட வாசலிலிருந்து தூக்கி வந்து அந்தப் பெயரையே வைத்தாள்.

மகள் பெயர் உமையாள். வீட்டைத் தாண்டினால் உமா. ஆறு வருஷம் தமிழ்ப் பள்ளியில் படித்தவள்தான், ஆனால் நான் வாட்ஸ்அப்பில் தமிழில் எழுதினால், "படிக்க நேரமாகுதும்மா, பேசி அனுப்புங்க" என்று பதில் வரும். போன வருஷம் படிப்பு முடிந்து கோலாலம்பூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். தங்கிய அறையில் பூனைக்கு அனுமதி இல்லை. ஒரு பெட்டி நிறையப் பூனை பிஸ்கட்டும், எப்போது எவ்வளவு போட வேண்டும் என்று ஒரு தாளும் வைத்துவிட்டுப் போனாள். போகும்போது என்னைக் கட்டிப்பிடித்ததைவிடக் கோப்பியைக் கட்டிப்பிடித்த நேரம் கூடுதல். நான் கடிகாரம் பார்க்கவில்லை, இருந்தாலும் தெரியும்.

வீட்டில் ஒரு நாயும் உண்டு, பெயர் போபி. போபிக்கு வருஷா வருஷம் மாநகர் மன்றத்தில் லைசென்ஸ் எடுக்க வேண்டும். முதல் தடவை நானும் கூடப் போயிருந்தேன். அரை மணி நேரத்தில் கழுத்தில் கட்டத் தகரப் பட்டையைக் கொடுத்துவிட்டார்கள். எனக்குச் சிவப்பு அடையாள அட்டை, அதாவது நிரந்தரமாகத் தங்கலாம் என்கிற அட்டை, வருவதற்குப் பதினான்கு வருஷம் ஆனது. அதுவரை விசா புதுப்பிக்க எத்தனை வரிசையில் நின்றிருப்பேன். "உன்னைவிட நாய்க்கு இந்த ஊரில் செல்வாக்கு அதிகம்" என்று என் கணவர் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்த லைசென்ஸ் தேதி நினைவில் இருப்பதால் போபியின் ஊசித் தேதியும் தப்பாது. வருஷம் ஒருமுறை தடுப்பூசி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மாத்திரை, உண்ணிக்கு மருந்து எல்லாம் நேரத்துக்கு நடக்கும். கோப்பிக்கு லைசென்சும் இல்லை, தேதியும் இல்லை. வீட்டை விட்டு இறங்காத பிராணிக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று இருந்துவிட்டேன். உமையாள் படிப்பில் மூழ்கிய பிறகு இரண்டு வருஷமாக அவன் கிளினிக் வாசலையே பார்க்கவில்லை. தின்பதும் தூங்குவதுமாக நன்றாகப் பெருத்திருந்தான். தட்டு காலியானால் இன்னும் கொஞ்சம் போடுவது என் பழக்கம், மனிதருக்கானாலும் பூனைக்கானாலும்.

3

ஊரில் இருந்தவரை எங்கள் வீட்டில் புரட்டாசி என்றால் சனிக்கிழமை மட்டும் சைவம். நாங்கள் சிவன் கோவில்காரர்கள், அதற்கு மேல் கட்டுப்பாடு கிடையாது. இங்கே வந்த பிறகுதான் மாதம் முழுவதும் விரதம் பிடிக்கத் தொடங்கினேன். தெருவே பிடிக்கிறது. சாப்பாட்டுக் கடைகளில்கூட அந்த மாதம் சைவத் தட்டுகள் கூடிவிடும். ஊரை விட்டு வந்தவர்களுக்கு இந்த வியாதி உண்டு. அங்கே தளர்வாக விட்டதையெல்லாம் இங்கே இறுக்கிப் பிடிப்போம். கொஞ்சம் விட்டாலும் மொத்தமும் போய்விடும் என்று ஒரு பயம்.

போன வருஷம் இன்னும் ஒரு படி மேலே போனேன். உமையாளுக்கு வேலையில் முதல் ஆறு மாதம் தற்காலிகம். அதன் பிறகுதான் நிரந்தரம் ஆக்குவார்கள். வேலை நிரந்தரமாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, புரட்டாசி முழுக்க வீட்டுக்குள் மீன், இறைச்சி வாடையே வராது என்று பெருமாளிடம் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டுத் திரும்பினால் கோப்பியின் தட்டு கண்ணில் பட்டது. மீன் சரி, நிறுத்திவிடலாம். பிஸ்கட்? டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கமே ஒரு மீன் படம் சிரித்துக்கொண்டிருந்தது. அதையும் கட்டிப் பரணில் போட்டேன்.

"பூனைக்கெல்லாம் எதுக்கு?" என்றார் என் கணவர்.

"ஒரு மாசம்தானே. தயிர்ச் சோறு போடுறேன். பசிச்சா தன்னால திங்கும்."

இதே வார்த்தையை உமையாளுக்கும் சின்ன வயதில் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு அது பலித்தது. போபிக்கும் பலித்தது. முதல் நாளே சாம்பார் சோற்றை நக்கித் துடைத்துவிட்டு வாலை ஆட்டினான். ஆகவே பூனைக்கும் பலிக்கும் என்று நம்பினேன்.

4

கோப்பி தயிர்ச் சோற்றை முகர்ந்து பார்த்தான். தட்டைச் சுற்றித் தரையைக் காலால் பிறாண்டினான், மண்ணைப் போட்டு மூடுவது போல. பிறகு போய்ப் படுத்துக்கொண்டான். இரண்டாம் நாள் பால் வைத்தேன். நாக்கை நனைத்துவிட்டு விட்டுவிட்டான். மூன்றாம் நாள் நெய் ஊற்றிப் பருப்புச் சோறு. நான்காம் நாள் பனீர். எனக்கே பனீர் வாங்க மனசு வராது, அவனுக்கு வாங்கினேன். ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

உமையாளிடமிருந்து தினமும் மாலை ஒரே கேள்வி வரும்: கோப்பி சாப்பிட்டானா? முதல் நாள் "சாப்பிட்டான்" என்று சொன்னேன். நாளைக்குச் சாப்பிட்டுவிடுவான், எதற்குப் பிள்ளையைக் கலவரப்படுத்துவது என்று நினைத்தேன். இரண்டாம் நாளும் அதையே சொன்னேன். மூன்றாம் நாள் உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் முதல் இரண்டு நாளின் பொய்யையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதனால் மறுபடி "சாப்பிட்டான்". ஏழாம் நாள் படம் அனுப்பச் சொன்னாள். போனில் தேடினேன். முந்தின மாதம் அவன் தட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்த படம் ஒன்று இருந்தது. அதை அனுப்பினேன். இதயப் படம் ஒன்று பதிலாக வந்தது. மறுநாளும் அதே மாதிரி ஒரு பழைய படம், அதே மாதிரி ஒரு இதயம்.

இதை எழுதும்போதும் என் மேல் எனக்கு எரிச்சல் வருகிறது. ஒரு போன் பேச்சில் தீர்ந்திருக்கக்கூடிய விஷயம். "உமையா, அவன் சோறு திங்க மாட்டேங்குறான்" என்று முதல் நாளே சொல்லியிருந்தால், அடுத்த நிமிஷமே பரணிலிருந்து டப்பாவை இறக்கச் சொல்லியிருப்பாள். என் வேண்டுதல்தான் முறிந்திருக்கும். அது முறியக்கூடாது என்பதற்காகத்தான் பொய் சொன்னேனோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

எட்டாம் நாள் அவன் துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டான். வெளியே இழுத்தபோது காதோரம் ஒரு கீறல் தெரிந்தது. கழுவி மஞ்சள் பூசிவிட்டேன்.

5

மறுநாள் காலை செல்வி வேலி வழியாகக் கொய்யா கொடுக்க வந்தாள். செல்வியின் பெற்றோர் பால் மரம் வெட்டியவர்கள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர்கள். ரப்பர்த் தோட்டம் செம்பனை என்கிற எண்ணெய்ப் பனைத் தோட்டம் ஆனதும் குடும்பத்தோடு ஈப்போவுக்கு வந்தவள். ஆடு, மாடு, கோழி எல்லாம் வளர்த்த கை. வாசலில் துவண்டு கிடந்த கோப்பியைப் பார்த்ததும் கொய்யாவை என் கையில் திணித்துவிட்டுக் குனிந்தாள்.

"அக்கா, இவன் காதெல்லாம் ஏன் மஞ்சளா இருக்கு?"

"நேத்து மஞ்சள் பூசினேன்."

"இந்தக் காதுல பூசினீங்க. அந்தக் காதுல?"

ஈரத் துணி கொண்டுவந்து துடைத்தேன். பூசின காதில் துணி மஞ்சளானது. பூசாத காதில் துணி வெள்ளையாகவே இருந்தது, காது மட்டும் மஞ்சளாக இருந்தது. செல்வி அவன் உதட்டை விரலால் தூக்கிக் காட்டினாள். ஈறும் அதே நிறம்.

"மஞ்சக் காமாலை மாதிரி இருக்குக்கா. இப்பவே கொண்டு போங்க. நாளைக்குன்னு வைக்காதீங்க."

என் கணவர் கடையை அப்படியே விட்டுவிட்டு வண்டியைக் கொண்டுவந்தார். மகளுக்குச் சொல்லாமல் போக அவருக்கு மனசில்லை. வழியிலேயே கூப்பிட்டுவிட்டார். அவள் என்ன ஏது என்று கேட்டுக்கொண்டே போனைத் துண்டிக்காமல் இருந்தாள். அப்படித்தான் கிளினிக் மேசைமேல் கோப்பி ஒரு பக்கமும், வீடியோவில் உமையாளின் முகம் ஒரு பக்கமும் இருக்க, நடுவில் நான் நின்றேன்.

கால்நடை மருத்துவர் ஜெசிந்தா போபியை வருஷா வருஷம் பார்ப்பவர். என்னைவிட வயதில் சின்னவர். கழுத்துச் சிலுவையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு மேசைமேல் குனிந்து, காதையும் ஈறையும் பார்த்தார். கோப்பியின் பழைய ஊசி அட்டையைப் புரட்டினார். கடைசித் தேதிக்குப் பிறகு வெற்றுக் கட்டங்கள்.

"நாய்க்கு ஒழுங்கா வாரீங்க. பூனைய மறந்துட்டீங்க. சரி, எத்தனை நாளா சாப்பிடல?"

போனைப் பார்த்தேன். "ரெண்டு நாளா," என்றேன்.

அவர் எழுதவில்லை. பேனாவைக் கீழே வைத்தார்.

"அக்கா, எங்கப்பா பத்து காஜா ஊர்ப் பக்கம் எஸ்டேட் ஆஸ்பத்திரியில டிரெஸரா இருந்தாரு. டாக்டர் மாசத்துக்கு ஒருக்காத்தான் வருவாரு, மத்த நாளெல்லாம் அப்பாதான் மருந்து குடுப்பாரு. காய்ச்சல்னு யாரு வந்தாலும் எப்போலருந்துன்னு கேப்பாரு. எல்லாரும் நேத்துலருந்துன்னுதான் சொல்லுவாங்களாம். முன்னாடியே ஏன் வரலன்னு ஏசுவாருன்னு பயம். அப்பா அதோட மூணு நாள் சேர்த்துக்கிட்டுத்தான் மருந்து குடுப்பாரு." கோப்பியின் முதுகைத் தடவினார். "மனுசனுக்கு அப்படிக் குத்துமதிப்பாப் பாக்கலாம். இதுக்கு வாயில்ல. இதுக்காக நீங்கதான் பேசுறீங்க. சரியா சொல்லுங்க, நான் ஏச மாட்டேன்."

"ஒன்பது நாள்," என்றேன்.

"நேத்து படம் அனுப்புனீங்களே," என்றாள் உமையாள்.

"அது போன மாசத்துப் படம்."

புரட்டாசி, வேண்டுதல், தயிர்ச் சோறு எல்லாவற்றையும் டாக்டரிடம் சொன்னேன். பேசினது டாக்டரிடம், பதில் சொன்னது மகளுக்கு. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எனக்காக வேண்டிக்கிட்டு என் பூனைய பட்டினி போட்டீங்களாம்மா?"

6

ரத்தம் எடுத்து, டிரிப் ஏற்றி, சோதனை முடிவுக்காக எங்களை வெளியே உட்காரவைத்தார்கள். அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு என் அப்பச்சி நினைவு வந்தது. அப்பாவை நாங்கள் அப்பச்சி என்போம், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நான் இங்கே வந்த ஆறாம் வருஷம். ஞாயிறு தோறும் போனில் பேசுவேன். "நல்லா இருக்கேன் ஆத்தா, நீ சாப்பிட்டியா?" என்பார் அப்பச்சி. நானும் சாப்பிட்டேன் என்பேன், சில நாள் சாப்பிட்டிருக்க மாட்டேன். அவருக்குச் சர்க்கரை. கால் விரலில் புண் வந்து, கறுத்து, பாதம் வரை ஏறியிருக்கிறது. தூரத்தில் இருக்கிற பிள்ளை, சொன்னால் துடித்துப்போவாள், யாரும் சொல்லக்கூடாது என்று வீட்டில் கண்டிப்பாக உத்தரவு போட்டிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர்தான் மனசு கேட்காமல் எனக்குப் போன் செய்தார். அன்றைக்கு என் பாஸ்போர்ட் விசா முத்திரைக்காக அலுவலகத்தில் இருந்தது. அவர்கள் மேல் குற்றமில்லை, சொன்ன தேதியில் கொடுத்தார்கள். அந்தத் தேதிக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

எனக்கு அப்பச்சி மேல் இன்றைக்கும் கோபம் உண்டு. பாசத்தில்தான் மறைத்தார் என்று எல்லாரும் சொன்னார்கள். இருக்கட்டும். என்னிடம் அந்தப் புண்ணைச் சொல்லியிருந்தால், சண்டை போட்டாவது ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன். அந்தச் சண்டையை அவர் எனக்குக் கொடுக்கவில்லை. இத்தனை வருஷம் இந்தக் கோபத்தைச் சுமந்த நான், என் மகளுக்கு ஒன்பது நாள் அதையே செய்தேன். படம் அனுப்புவது வரை போனேன். அப்பச்சிக்காவது அந்த வசதி இல்லை.

7

"கொழுத்த பூனை பட்டினி கிடக்கவே கூடாதுக்கா," என்றார் டாக்டர். "உடம்புல உள்ள கொழுப்பெல்லாம் ஈரலுக்குப் போய் அடைச்சுக்கும். மூணு நாலு நாள்லயே ஆரம்பிச்சுரும். அப்புறம் அதுக்குப் பசியே எடுக்காது. நாய் சோறு தின்னு ஒரு மாசம் தள்ளிரும். பூனை கறி, மீன் இல்லாம உசுரோட இருக்க முடியாத பிறவி."

"பிழைச்சிருமா?"

"பாதிக்குப் பாதின்னு வச்சுக்குங்க. கழுத்துல சின்னதா ஓட்டை போட்டு டியூப் வைக்கணும். அதுவழியா சாப்பாடு ஏத்தணும். நாளைக்கு ஆறு வேளை. பல வாரம் ஆகும். வீட்டுல ஆள் இருந்தா முடியும்."

உமையாள் அன்று மாலை ரயிலிலேயே வந்து இறங்கினாள். நேராகக் கிளினிக்குக்குத்தான் போனாள். வீட்டுக்கு வந்தபோது என்னிடம் "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள். மூன்று நாள் கழித்துக் கோப்பியைக் கழுத்தில் துணிக்கட்டும் டியூபுமாக வீட்டுக்கு அனுப்பினார்கள். அரைத்த கோழி இறைச்சி உணவை ஊசிக்குழலில் எடுத்து, கைச்சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கி, கால் மணி நேரம் மெதுவாக ஏற்ற வேண்டும். முன்னும் பின்னும் கொஞ்சம் தண்ணீர். வேகமாக ஏற்றினால் கக்கிவிடும். உமையாள் செய்து காட்டினாள், நான் பார்த்துக்கொண்டேன். வாசனை வீடு முழுக்கப் பரவியது. சாமி அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். அவள் அதைப் பார்த்தாள்.

"நான் நாளைக்குக் கிளம்பணும். லீவு முடிஞ்சிருச்சு. நான் போனப்புறம் இதைப் போடுவீங்களா, மாட்டீங்களா? உண்மையச் சொல்லுங்க."

"போடுவேன்."

"புரட்டாசி?"

"புரட்டாசி எனக்குத்தான். அவனுக்கில்ல."

ஊசிக்குழலை என் கையில் கொடுத்தாள். அந்த வேளையை நான் ஏற்றினேன். பயமாகத்தான் இருந்தது. வேண்டுதலை முறித்ததால் அவள் வேலைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்கிற பயம். டியூபைப் பார்த்தால் இவன் போய்விடுவானோ என்கிற பயம். இரண்டுக்கும் நடுவில் விரல் தானாக மெதுவாகத்தான் அழுத்தியது.

அவள் போன பிறகு ஐந்து வாரம் நானும் என் கணவரும் மாறி மாறி ஏற்றினோம். எங்களால் முடியாத வேளையில் செல்வி வந்தாள். "ஆட்டுக்குட்டிக்குப் போத்தல்ல பால் குடுத்த கைக்கா இது," என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். உமையாள் போகும்போது ஒரு நிபந்தனை போட்டுவிட்டுப் போயிருந்தாள். தினமும் படம் அனுப்ப வேண்டும், பக்கத்தில் அன்றைய தமிழ்ப் பேப்பர் இருக்க வேண்டும், தேதி தெரிய வேண்டும். கடத்தப்பட்டவனைக் காட்டுவது போலக் கோப்பியின் தலைமாட்டில் பேப்பரை விரித்துப் படம் எடுப்பேன். என் கணவருக்குச் சிரிப்பு. எனக்கு ஒவ்வொரு நாளும் சுருக்கென்று இருக்கும், ஆனாலும் ஒரு நாளும் தவறாமல் அனுப்பினேன். என் சொல்லுக்கு என் பிள்ளை சாட்சி கேட்கிறாள். கேட்க அவளுக்கு நியாயம் இருந்தது.

நான்காம் வாரம் ஒரு மத்தியானம், தட்டில் சும்மா வைத்திருந்த மீன் துண்டைக் கோப்பி முகர்ந்தான். தரையைப் பிறாண்டவில்லை. நக்கினான். பிறகு ஒரு வாய் கடித்தான். நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த துண்டைப் பிய்த்து வைத்தேன். அடுத்த வாரம் டாக்டர் டியூபை எடுத்தார். எடுக்கும்போதே இரண்டு வருஷம் தவறிய ஊசிகளுக்கும் தேதி குறித்துக் கொடுத்தார். போபி தேதியும் கோப்பி தேதியும் இப்போது ஒரே காலண்டரில் இருக்கின்றன. "ஒரு நாள் சாப்பிடலன்னா எனக்குப் போன் போடுங்க, ரெண்டாவது நாள் கொண்டு வந்துருங்க" என்று அவர் சொன்னதையும் அதன் ஓரத்திலேயே எழுதிவைத்திருக்கிறேன்.

உமையாளுக்கு வேலை நிரந்தரம் ஆனது. பெருமாளுக்கு என் மேல் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. தைப்பொங்கலுக்கு வந்தவள் திரும்பிப்போன பிறகு படம் கேட்பதை நிறுத்திவிட்டாள். நம்பிக்கை வந்து நிறுத்தினாளா, அலுத்துப்போய் நிறுத்தினாளா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை. வாரம் ஒருமுறை பேசுவாள், நன்றாகத்தான் பேசுவாள். நான் எதைச் சொன்னாலும் அரை நொடி நின்றுவிட்டுத்தான் "சரிம்மா" வரும். அந்த அரை நொடி என்னை மாதக்கணக்கில் வாட்டியது.

8

போன செவ்வாய்க்கிழமை கோப்பி காலைச் சாப்பாட்டைத் தொடவில்லை. மத்தியானமும் தொடவில்லை. மாலை வரை பார்த்துவிட்டு டாக்டருக்குப் போன் செய்தேன். மறுநாள் காலை முதல் ஆளாகக் கொண்டுவரச் சொன்னார். பிறகு, ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல், உமையாளைக் கூப்பிட்டேன். அவள் வேலையில் இருக்கும் நேரம்தான், இருந்தாலும் எடுத்தாள்.

"உமையா, கோப்பி இன்னைக்குக் காலையிலருந்து சாப்பிடல. தண்ணி குடிச்சான். காதையும் ஈறையும் பார்த்துட்டேன், மஞ்சள் இல்ல. வாயைத் தொட்டா முகத்தைத் திருப்புறான், பல்லு வலியா இருக்கும்னு நினைக்கிறேன். டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். காலையில எட்டரைக்கு."

அந்த அரை நொடிக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை.

"சரிம்மா, கொண்டு போங்க," என்றாள் உடனே. பின்னால் யாரோ அவளைக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

"நீ வாரியா?"

"எதுக்கும்மா? நீங்க இருக்கீங்கள்ல."

போனை வைத்துவிட்டாள். நான் வைக்காமல் நின்றேன். கோலாலம்பூரிலிருந்து ரயிலில் இரண்டரை மணி நேரம்தான், வந்திருக்கலாம். பொய் சொன்னபோது ஓடி வந்தவள், உண்மையைச் சொன்னபோது வரவில்லை. அழுகை வந்துவிட்டது. அவள் வராததற்கு அழுதேனா, அவள் சொன்னதற்கு அழுதேனா என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. கடையிலிருந்து வந்த என் கணவர் என்னைப் பார்த்துப் பதறி, "பூனைக்கு என்ன?" என்றார். பூனைக்கு ஒன்றுமில்லை, நாளைக்குப் பல்லைப் பார்க்கப் போகிறோம் என்றேன்.

மறுநாள் காலை கோப்பியைக் கூடையில் வைத்து, மடியில் இறுக்கிக்கொண்டு, நான் மட்டும் வாடகைக் காரில் கொண்டுபோனேன். பல்தான்; இன்று வேகவைத்த மீனை அவன் ஒரு பக்கமாக மென்று தின்றான்.